எல் வரைக்கும் வந்தவர்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இங்கிலீஷுக்குப் பயந்து ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கிலீஷை வைத்துக்கொண்டு மற்றவர்களை ஓட ஓட விரட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மொழியையே பிடித்து வரிசையில் நிற்க வைத்து, உன் முறை வரும்போது கூப்பிடுகிறேன், அதுவரை அங்கேயே நில் என்று சொன்ன ஒரே ஆள் எங்கள் டிக்ஷனரிதான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். பாரிவாக்கத்துக்காரர். பயிர் வைத்த குடும்பம். வயலெல்லாம் மனையாகிப் போன பிறகு எஸ்டேட்டுக்கு வந்து இரும்பு கடையும் ஒரு லேத் முன்னால் நின்றவர், இருபது வருஷத்துக்கு மேலாக அதே லேத் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பார், கூடவே நீ என்பார். அந்தப் பக்கத்தில் சாரும் நீயும் சண்டை போடாமல் ஒரே வாக்கியத்தில் குடியிருக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தது ஸ்டோர்ஸ் கிளார்க்காக. சேர்ந்த மூன்றாவது மாதம் நான் பி.ஏ. இங்கிலீஷ் என்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கம்பெனிக்குள் இங்கிலீஷில் எது வந்தாலும் என் மேஜையில்தான் வந்து விழும். வெளிநாட்டு கஸ்டமரின் புகார்க் கடிதம், வாட்ச்மேன் அறைக்கு வைக்கும் போர்டு, மேனேஜர் மகளின் பள்ளிக்கூடக் கட்டுரை வரைக்கும். பதிலும் நானே எழுதவேண்டும். மேனேஜர் தமிழில் ஒரு பொய் சொல்வார், நான் அதை இங்கிலீஷில் மூன்று பத்தியாக நீட்டிக் கொடுப்பேன். நாங்கள் கடைந்து அனுப்பும் இரும்பு உருளைகளின் மேல் கோடு கோடாக விழுகிறது என்று கஸ்டமர் எழுதினால், அது கப்பலில் போகும்போது ஏற்பட்ட உரசல் என்று நான் எழுதுவேன். எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். கப்பலுக்கு வாய் இருந்தால் என் மேல் கேஸ் போட்டிருக்கும்.

இந்த நிலையில்தான் ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் தினமும் நாலரையிலிருந்து ஐந்தரை வரை கேன்டீனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கவேண்டும் என்றார். ஜெர்மனியிலிருந்து கஸ்டமர் கம்பெனியின் இன்ஜினியர் வரப்போகிறாராம். அவர்கள் செலவிலேயே புதிதாக ஒரு மெஷின் வருகிறதாம். அதை ஓட்ட இரண்டு பேரை அந்த இன்ஜினியரே பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பாராம். பழைய லேத்துகளை விற்றுவிடுவார்களாம். தேறாதவர்கள் எல்லாம் பேக்கிங் செக்ஷனில் அட்டைப்பெட்டி ஒட்டப் போகவேண்டியதுதான்.

எனக்கு இதில் பட்டது ஒன்றே ஒன்றுதான். என் வீடு இருக்கும் நெமிலிச்சேரிக்கு நான் பிடிக்கும் ஐந்து மணி ரயில் போய்விட்டது. அடுத்த வண்டியில் ஒற்றைக் காலில் நிற்கவேண்டும்.

ஆனால் ஆபரேட்டர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. பேக்கிங் என்றால் சம்பளம் குறைகிறதோ இல்லையோ, மரியாதை போய்விடும். லேத் ஓட்டியவன் கையில் செலோடேப்பைக் கொடுத்தால் அவன் வீட்டில் எப்படிச் சொல்லுவான்? அதனால் முதல் நாள் ஆபரேட்டர்கள் பன்னிரண்டு பேரும் முகம் கழுவி, தலை வாரி வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எல்லா வகுப்பும் தொடங்குகிற மாதிரியே தொடங்கினேன். மை நேம் இஸ் என்று சொல்லி, அவரவர் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். டிக்ஷனரியின் முறை வந்தது. எழுந்து நின்றார்.

"சார், தப்பா நெனிக்காத. 'மை' எம்முல கீது. 'நேம்' அதுக்கும் அப்பால 'என்'னுல கீது. நான் இப்பத்தான் ஏ-ல கீறேன். நீ கிளாஸை நடத்திகினு போ, நான் பின்னாடியே வந்துகினு இருப்பேன்."

பூந்தமல்லியில் ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து, முன் அட்டை போன ஒரு பள்ளிக்கூட அகராதியை எப்போதோ வாங்கியிருக்கிறார். அதில் தினம் ஒரு பக்கம். முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு வார்த்தை விடாமல். வராத பக்கத்து வார்த்தையை வாயில் போட மாட்டார். வந்த பக்கத்து வார்த்தையை வீணாக்க மாட்டார்.

ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் தன் லேத்தில் தொங்கும் ஆபரேஷன் ஷீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரு ஜாப்பை என்னென்ன வரிசையில் கடையவேண்டும் என்று அதில் நம்பர் போட்டிருக்கும். பத்து, இருபது, முப்பது. பத்தை முடிக்காமல் இருபதுக்குப் போகக்கூடாது. இருபதைத் தாண்டி முப்பதுக்குப் போனால் ஜாப் ஸ்கிராப். இருபது வருஷத்தில் தான் ஒரு ஆபரேஷனைக்கூடத் தாண்டியதில்லை, இங்கிலீஷுக்காக மட்டும் ஏன் தாண்டவேண்டும் என்பது அவர் வாதம். இலக்கணம் என்ன ஆவது, இறந்தகாலம் நிகழ்காலம் எல்லாம் வேண்டாமா என்றேன். முதலில் ரஃப் கட், இலக்கணம் ஃபினிஷிங், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நானும் மூன்று வருஷம் இலக்கியம் படித்தவன். ஷீட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏ எழுத்து ஓடிய மாதத்தில் அவரால் பெரும் தொல்லை. கேன்டீன் டீயைக் குடித்துவிட்டு "அபாமினபிள்" என்பார், சகிக்கவில்லை என்று அர்த்தம். டீ போடுகிறவர் அதைப் பாராட்டு என்று நினைத்து மறுநாள் அதைவிடக் கேவலமாகப் போட்டுக் கொடுத்தார். சி முடிந்த சமயம் அவருக்கு வயிற்றுக்கோளாறு. லீவ் லெட்டர் எழுதி அனுப்பியிருந்தார். 'அப்டமன் பேட். ஆம் ஆப்சென்ட். அப்பாலஜைஸ்.' அவ்வளவுதான். மேனேஜர் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, இதுதான் நீ சொல்லிக் கொடுக்கிற லட்சணமா என்றார். இருபத்தைந்து வருஷமாக நான் எழுதிய லீவ் லெட்டர் எதுவும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்பது மட்டும் மனதில் ஓடியது.

போகப் போக ஒரு விசித்திரம் நடந்தது. 'யெஸ்' அகராதியின் கடைசியில் கிடக்கிறது, 'சாரி'யும் 'தேங்க்யூ'வும் அதற்குக் கொஞ்சம் முன்னால். இவை எதுவும் கையில் இல்லாததால், அவர் சுற்றி வளைத்து உயரமான வார்த்தைகளாகப் போட ஆரம்பித்தார். ஆமாம் என்பதற்கு "சர்ட்டன்லி". மன்னிக்கவும் என்பதற்கு "ஐ அப்பாலஜைஸ்". நன்றி என்பதற்கு "ஐ ஆம் கிரேட்ஃபுல்". மற்ற பதினோரு பேரும் யெஸ் சார், நோ சார் என்று முனகிக்கொண்டிருக்க, கிரீஸ் கையோடு இவர் மட்டும் லண்டனில் பிரபு வீட்டில் பிறந்தவரைப் போலப் பேசினார்.

ஒருநாள் வகுப்பு நடுவில் அவர் போன் அடித்தது. ஒரு பெண் இங்கிலீஷில் மனை விற்கக் கூப்பிட்டிருந்தாள். பாரிவாக்கத்தில் அருமையான பிளாட், சாலையை ஒட்டி, நீங்கள் வந்து பார்க்கவேண்டும் என்கிறாள். ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்கிறது. இவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாக, "ஐ ஆம் அவேர். இட் இஸ் ஃபாதர்ஸ் ஃபீல்ட்" என்றார். பிறகு லைன் போய்விட்டது. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எனக்குத்தான் அன்றைக்கு அடுத்த பாடம் ஓடவில்லை.

ஜெர்மன்காரரின் வருகை மூன்று தடவை தள்ளிப்போனது. பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் வகுப்புக்கு வருவதைக் குறைத்துவிட்டார்கள். நானும் களைத்துப் போயிருந்தேன். மேனேஜரே ஒரு வழி கண்டுபிடித்தார். இருபது கேள்விகளை எழுதி, எந்தக் கேள்வி கேட்டாலும் கடைசியில் 'நோ ப்ராப்ளம் சார்' என்று முடிக்கும்படி மனப்பாடம் செய்ய வைத்துவிடு என்றார். செய்தேன். மெஷின் எப்படி இருக்கிறது? நோ ப்ராப்ளம் சார். பாதுகாப்பு உண்டா? நோ ப்ராப்ளம் சார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டாலும் சிலர் அதையே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

டிக்ஷனரியிடம் தனியாகப் போய்க் கெஞ்சினேன். அப்போது அவர் எல் முடிக்கும் தறுவாயில் இருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு நாளைக்கு. மூணு வார்த்தை. அதை மட்டும் சொல்லிட்டா உங்களுக்குப் புது மெஷின் கிடைக்க ஒரு வழி இருக்கு. இல்லாட்டி அட்டைப்பெட்டிதான்."

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்த்தார்.

"எனுக்கு மட்டும் மெஷினு வோணாம்னா சார் கீது? நாளைக்கு அந்தாளு அடுத்த கேள்வி கேட்டா நான் இன்னா பண்ணுவேன்? உள்ள சரக்கு இல்லாம மேல பெயின்ட் அடிச்சிகினு நிக்க சொல்றியே."

விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. வருகை அன்று டிக்ஷனரி லேத்தில் நிற்கட்டும், ஆனால் விருந்தாளியை அந்த வரிசைப் பக்கமே கூட்டிப் போகாதே என்று எனக்கு உத்தரவு. காரணம் இங்கிலீஷ் மட்டும் இல்லை. அந்த லேத்தில் பேரிங் போய் ஐந்து மாதமாகிறது. உருளைகளின் மேல் கோடு விழுவது அதனால்தான். டிக்ஷனரி வாரா வாரம் போய் மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜர் வாரா வாரம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாரா வாரம் கப்பலைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜெர்மன்காரர் வந்தார். ஒல்லியான, வயதான மனிதர். அவருக்கும் இங்கிலீஷ் சொந்த மொழி இல்லை என்பது பேச ஆரம்பித்ததுமே தெரிந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் தேடித்தான் எடுத்தார். நான் அவரை நல்ல மெஷின்கள் இருந்த பக்கமாக நடத்திக்கொண்டு போனேன். எல்லாம் நோ ப்ராப்ளம் சார் என்று நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அவர் நின்றார். தலையைச் சாய்த்தார். வாழ்நாள் முழுக்க மெஷினோடு இருந்த காது போலிருக்கிறது. எதையும் கேட்காமல் நேராகத் திரும்பி டிக்ஷனரியின் லேத்தை நோக்கி நடந்தார். மேனேஜர் ஓடிப்போய் முன்னால் நின்றும் பயனில்லை.

லேத்தின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று டிக்ஷனரியிடமே கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்குப் பதினோரு பேரும் தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் சொல்வார்கள். இவரிடம் 'நோ' இல்லை. 'ப்ராப்ளம்' இல்லை. 'சார்' இல்லை. மெஷினும் மேனேஜரும் மாதமும்கூட எம்மில் மாட்டிக்கொண்டு கிடந்தன. டிக்ஷனரி லேத்தை நிறுத்தினார். கையைத் துடைத்தார். தனக்குச் சொந்தமான எழுத்துகளில் தேடினார். தேடி எடுத்துச் சொன்னார்.

"பேரிங் இஸ் டிஃபெக்டிவ். ஹண்ட்ரட் ஃபிஃப்டி டேஸ். ஐ இன்ஃபார்ம் பாஸ். பாஸ் இக்னோர். ஐ இன்ஃபார்ம் அகெய்ன். பாஸ் இக்னோர் அகெய்ன்."

மாதம் என்ற வார்த்தை இல்லாததால் நாள் கணக்கில் சொன்னார். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. தினம் தினம் குறித்து வைத்திருக்கிறார் என்று ஜெர்மன்காரர் நினைத்துவிட்டார். அவர் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அந்த மனிதர் தன் சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அகெய்ன், அகெய்ன் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டார். டிக்ஷனரி அவரைப் பார்த்து, "ஐ ஆம் கிரேட்ஃபுல்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் லேத்தை ஓடவிட்டார்.

மறுநாள் காலை அவர் பேக்கிங் செக்ஷனில் இருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. ஒரு ஸ்டூலும் ஒரு கட்டு அட்டையும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மதியம் போய்ப் பார்த்தேன். பெட்டியின் மடிப்புகளை நம்பர் போட்டு வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், வீட்டில் இன்னும் சொல்லவில்லை சார் என்றார். இருபது வருஷத்தில் முதல்தடவையாக அவர் குரல் இறங்கிக் கேட்டேன். அன்றைக்கு எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அவர் சொன்னதை ஐந்து மாதத்துக்கு முன்பே நான் இங்கிலீஷில் எழுதியிருக்கலாம். இங்கிலீஷ் என்னிடம்தான் ஏ முதல் இசட் வரை இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தது, வழக்கம்போல என் மேஜைக்கு. புது மெஷின் கிளம்பிவிட்டது, அதற்கு எடுக்கவேண்டிய இருவரில் ஒருவர் அந்த லேத் அருகே இருந்த மனிதர், மற்றவரை நீங்களே முடிவு செய்யலாம் என்று இருந்தது. மேனேஜர் அதைப் படித்துவிட்டு யோசிக்கவே இல்லை. அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டதாக எழுது என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். 'தங்கள் மேலான கடிதம் கிடைத்தது' என்று தொடங்கிவிட்டேன்கூட. அடுத்த வாக்கியம் வரவில்லை. நான் வீரன் இல்லை, இந்த வயதில் புதிதாக ஆகவும் முடியாது. எனக்கு அலுப்பு, வேறொன்றும் இல்லை. பொய் எழுத நிறைய வார்த்தை வேண்டும். எத்தனை வருஷமாக அந்த வார்த்தைகளைத் தூக்கிச் சுமக்கிறேன் என்று நினைத்தேன். எழுதியதை அழித்தேன். அவர் இங்கேதான் இருக்கிறார், இப்போது பேக்கிங்கில் இருக்கிறார், பேரிங் பற்றி அவர் சொன்னது நிஜம் என்று மூன்று சின்ன வாக்கியம் அடித்தேன். மேனேஜர் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் அனுப்பிவிட்டேன்.

அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. சத்தம் மூன்று நாள் ஓடியது. ஆனால் கஸ்டமர் கேட்ட ஆளைக் கொடுக்காமல் இருக்க முடியாது. டிக்ஷனரி புது மெஷினுக்குப் போனார். மெஷினை மாட்டிக் கொடுக்க மறுபடி வந்த அதே ஜெர்மன்காரரும் அவரும் இரண்டு வாரம் ஆளுக்குக் கொஞ்சம் வார்த்தையோடு பேசிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததாகத் தெரியவில்லை. அதற்குள் அவருக்கு 'எம்' முழுக்கக் கிடைத்து, 'என்'னும் திறந்துவிட்டது. 'நோ' கைக்கு வந்த அன்று நாள் முழுக்க யாராவது ஏதாவது கேட்க மாட்டார்களா என்று அலைந்தார்.

காலியான அவருடைய ஸ்டூலுக்கு என்னை அனுப்பினார்கள். இப்போது நான் பேக்கிங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். மெயில்களை எழுதப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். கம்ப்யூட்டரே அவளுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. கப்பல் பிழைத்தது. எனக்கு ஐந்து மணி வண்டி திரும்பக் கிடைத்திருக்க வேண்டும்.

கிடைக்கவில்லை. நாலரை அடித்ததும் டிக்ஷனரி கையைக் கழுவிக்கொண்டு, அகராதியை இடுக்கிக்கொண்டு, புது மெஷின் ஷெட்டிலிருந்து பேக்கிங்குக்கு வந்துவிடுகிறார். இரண்டு டீ வாங்கி வருவார். ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, அன்றைய பக்கத்தை முதல் வார்த்தையிலிருந்து ஒப்பிப்பார். இப்போது எஸ்-இல் இருக்கிறார். எஸ் நீளமான எழுத்து, சீக்கிரம் முடியாது. நான் லேபிள் ஒட்டிக்கொண்டே திருத்துவேன். மெஷின் கிடைத்துவிட்டது, இனி அவருக்கு என்னிடம் ஆகவேண்டியது எதுவும் இல்லை. என்றாவது அவர் வரத் தாமதமானால் நான் டேப்பைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வந்து உட்கார்ந்தால்தான் அன்றைய அலுப்பு எனக்கு இறங்குகிறது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை நிறுத்திவிட்டதாக கேன்டீன் போர்டில் நோட்டீஸ் ஒட்டி நாலு மாதம் ஆகிறது. பெரிய எழுத்தில் மூன்றே வார்த்தை: இங்கிலீஷ் கிளாஸ் கேன்சல்ட். அவர் தினமும் இரண்டு டீயை வாங்குவது அந்த போர்டுக்கு நேர் கீழே நின்றுதான். இ-யும் சி-யும் அவர் எப்போதோ முடித்துவிட்ட எழுத்துகள். அந்த மூன்று வார்த்தையும் அவருக்கு நன்றாகத் தெரியும்.